சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1927–1930): ஒரு மீள்பார்வை

முன்னுரை

தமிழ்ப் பெண்களின் வரலாற்றைக் கூறும் பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தவறாது இடம்பெறுகின்றது. ஆயினும், அப்பெயர் பெரும்பாலும் ‘முதல்’ என்னும் சொல்லோடு மட்டுமே இணைத்துப் பேசப்படுகின்றது. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர் என அப்பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் சில திருத்தத்திற்கு உரியவை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லிப் முதலிய பெண்களைச் சேர்த்துக்கொண்டது. வங்கத்தின் காதம்பினி கங்கூலியும், அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டு பட்டம்பெற்ற ஆனந்திபாய் ஜோஷியும் அம்மையாருக்கு ஒரு தலைமுறை முற்பட்டவர்கள். சமஸ்தானங்களை எடுத்துக்கொண்டால், திருவிதாங்கூரின் மேரி புன்னன் லூக்கோஸும் கொச்சியின் தோட்டைக்காட்டு மாதவி அம்மாவும் அம்மையாருக்கு முன்னரே தத்தம் சட்டமன்றங்களில் நியமனம் பெற்றவர்கள். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களின் அளவில் முத்துலட்சுமி அம்மையாரே முதல்வர் என்று கூறுவதே பொருந்தும்.

இத்திருத்தங்களால் அம்மையாரின் பெருமை குறைவதில்லை. ‘முதல்’ என்னும் அடைமொழியைச் சற்றே விலக்கி வைத்தால்தான் அவர் உண்மையில் செய்த பணி கண்ணுக்குத் தெரிகின்றது. அவர் சட்டமன்றத்தில் இருந்தது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளே. அக்குறுகிய காலத்தில், அரை நூற்றாண்டாகப் பலர் தொட்டு விட்டுவிட்ட ஒரு சிக்கலைச் சட்டத்தின் துணைகொண்டு அவர் அணுகிய முறை தனி ஆய்வுக்கு உரியது. அதே வேளையில், அச்சட்டம் யாருடைய நலனுக்காக இயற்றப்பட்டதோ அப்பெண்களில் ஒரு பகுதியினரே அதனை எதிர்த்தனர் என்பதும் வரலாறு. ஒரு மக்கள் பிரதிநிதி யாருக்காகப் பேசுகின்றார், யாருடைய குரலைக் கேட்கின்றார் என்னும் வினாவை இது எழுப்புகின்றது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்புலம்: புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இவ்விரு குடிப்பிறப்புகளுக்கும் இடையில் வளர்ந்த அனுபவம் பிற்காலத்தில் அவர் தேர்ந்துகொண்ட பணியோடு தொடர்புடையது எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனினும், அவரது வாழ்க்கைப்பணி முழுவதையும் பிறப்பின் விளைவாக மட்டும் விளக்க முற்படுவது பொருந்தாது. அதே பின்புலத்தில் பிறந்த வேறு பெண்கள் இதே சிக்கலில் முற்றிலும் மாறான நிலைப்பாட்டை எடுத்தமையைப் பின்னர்க் காண்போம்.

1904ஆம் ஆண்டு மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது, ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண் சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவினாலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1872ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, சடங்குகள் இன்றி நிகழ்ந்த மணம் அது.

1917ஆம் ஆண்டு அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதனை முன்னின்று நடத்தினர். அம்மையார் தொடக்கக் காலத்திலேயே அச்சங்கத்துடன் இணைந்தார். மருத்துவராக அவர் கண்டவை இளவயது மகப்பேறு, பிரசவ மரணம், குழந்தை மரணம், பால்வினை நோய் ஆகியன. நோயைக் குணப்படுத்தலாம், ஆனால் நோயைத் தோற்றுவிக்கும் வழக்கத்தை மருந்தால் மாற்ற இயலாது. மருத்துவத்திலிருந்து சட்டமன்றத்திற்கு அவர் வந்த பாதையை இவ்வாறு விளங்கிக்கொள்வதே பொருத்தமாகும்.

சட்டமன்ற நுழைவு

அம்மையார் உறுப்பினராக இருந்த அவையைப் பல நூல்கள் ‘சட்ட மேலவை’ எனக் குறிப்பிடுகின்றன. இது மயக்கத்திற்கு இடமளிக்கின்றது. 1937ஆம் ஆண்டுவரை சென்னை மாகாணத்தில் ஓரவை மட்டுமே இருந்தது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தால் விரிவாக்கப்பட்ட அவ்வவையில் 98 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏனையோர் அலுவல் வழியாகவோ நியமனத்தாலோ இடம்பெற்றனர். அச்சட்டம் கொணர்ந்த இரட்டையாட்சி முறையில், கல்வி, பொதுச் சுகாதாரம், அறநிலையம் முதலிய துறைகள் அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதி, காவல் முதலியவை ஆளுநரின் நிருவாகக் குழுவிடமே நின்றன. குற்றவியல் சட்டமோ மைய அரசின் பொறுப்பாக இருந்தது. இப்பகுப்பை மனத்தில் கொண்டால்தான் அம்மையாரின் பிற்காலச் செயல்முறை விளங்கும்.

பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானத்தை இந்திய மாகாணங்களுள் முதலாவதாக 1921ஆம் ஆண்டு நிறைவேற்றியது சென்னைச் சட்டமன்றமே. சொத்துத் தகுதியை அடிப்படையாகக் கொண்ட உரிமையாதலால் வாக்காளரான பெண்களின் எண்ணிக்கை மிகச் சிறிது. பெண்கள் உறுப்பினராகலாம் என்னும் விதித் திருத்தம் 1926இல் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சிறு வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றார். ஆதலின், நியமனத்தின் வழியாகவேனும் ஒரு பெண் அவையில் இடம்பெற வேண்டும் என்று மாதர் சங்கம் வலியுறுத்தியது. அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று மேற்படிப்பு முடித்துத் திரும்பியிருந்த முத்துலட்சுமி அம்மையார் நியமிக்கப்பெற்றார். மருத்துவப் பணிக்கு இடையூறு நேருமோ என்னும் தயக்கத்தோடுதான் அவர் அதனை ஏற்றார். 1927ஆம் ஆண்டு கூடிய அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அந்த அவையின் அமைப்பும் நோக்கத்தக்கது. சுயராஜ்யக் கட்சியினர் மிகுதியாக வென்றும் ஆட்சிப் பொறுப்பை ஏற்க மறுத்தனர். எனவே டாக்டர் ப. சுப்பராயன் தலைமையில் சுயேச்சை அமைச்சரவை அமைந்தது. நீதிக்கட்சியினர் ஒருபுறமும் சுயராஜ்யக் கட்சியினர் மறுபுறமும் இருந்த அவையில், எக்கட்சியையும் சாராத நியமன உறுப்பினர் ஒருவர் தனிநபர் மசோதாவை நிறைவேற்றுவது எளிதன்று. ஒவ்வொரு வாக்கையும் தனித்தனியே தேடிப் பெறவேண்டிய நிலை அது.

தேவதாசி முறையும் சட்டத்தின் முந்திய முயற்சிகளும்

கோயிலோடு தொடர்புடைய பெண்களின் வரலாறு நெடியது; ஒரே தன்மைத்தும் அன்று. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குறிப்பிடுகின்றது. அவர்களுக்கு வீடும் பங்கும் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றது. சோழர் காலக் கோயிற்பெண்கள் பலர் கோயிலுக்குக் கொடையளித்தவர்களாகவும் கல்வெட்டுகளில் காணப்படுகின்றனர் என்பதை லெஸ்லி ஓர் தம் நூலில் விரிவாக நிறுவியுள்ளார். பிற்காலத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் நிலைபெற்று, கலைத்தொழிலும் கோயில் ஊழியமும் செல்வர்களின் ஆதரவும் ஒன்றோடொன்று பின்னிய வாழ்முறையாக அது உருப்பெற்றது. அரச ஆதரவு குன்றிய 19ஆம் நூற்றாண்டில் அவ்வாழ்முறையின் பொருளாதார அடித்தளம் தளர்ந்தது. வறுமையும் சுரண்டலும் பெருகின. கருத்தறியாப் பருவத்துச் சிறுமியருக்குப் பொட்டுக்கட்டுவது தொடர்ந்தது.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் வயது வராத பெண்களைப் பரத்தைமைக்கென விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கின. மைசூர்ச் சமஸ்தானம் 1909இல் தன் கோயில்களில் இவ்வழக்கத்தை நிறுத்தியது. 1912இல் தாதாபாய், முதோல்கர், மாட்ஜ் ஆகியோர் மையச் சட்டமன்றத்தில் மசோதாக்களைக் கொணர்ந்தனர். முதல் உலகப்போர் மூண்டதும் அம்முயற்சி நின்றுபோயிற்று. 1924இல் தண்டனைச் சட்டத்தின் வயது வரம்பு 18ஆக உயர்த்தப்பட்டது. இவையனைத்தும் சிறுமியரைக் காக்க முனைந்தவையே. ஆயினும், பொட்டுக்கட்டுதல் என்பது சமயச் சடங்கு எனக் கூறப்பட்டமையாலும், குற்ற நோக்கத்தை மெய்ப்பிப்பது கடினமாக இருந்தமையாலும் அவை பெரும்பயன் தரவில்லை.

1927 தீர்மானமும் 1929ஆம் ஆண்டுச் சட்டமும்

1927ஆம் ஆண்டு நவம்பரில், இந்துக் கோயில்களுக்குச் சிறுமியரையும் இளம்பெண்களையும் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் இயற்றுமாறு மைய அரசுக்குப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அம்மையார் முன்மொழிந்தார். அவை அதனை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது பரிந்துரையே. அது சட்டம் ஆகாது. முந்தைய முயற்சிகளுக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்திருக்கக்கூடும். இவ்விடத்தில்தான் அம்மையாரின் சட்டமன்ற நுட்பத்தை நாம் காண்கின்றோம்.

அவர் கையாண்டது அறநிலையச் சட்டத் திருத்தம் என்னும் வழி. தேவதாசி முறையின் பொருளாதார ஆணிவேர் ஊழிய மானியம். கோயிலில் குறிப்பிட்ட பணியைச் செய்யும் குடும்பத்துக்கு நிலமோ, நிலத்தின் வரியாகிய மேல்வாரமோ இனாமாக அளிக்கப்பட்டிருந்தது. பணி நின்றால் மானியமும் நின்றுவிடும். ஆகவே, ஒரு குடும்பம் தன் நிலத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணையேனும் பொட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. பக்தியோ விருப்பமோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலம் என்னும் கட்டு அவர்களைப் பிணித்தது.

அம்மையாரின் மசோதா இக்கட்டை அவிழ்த்தது. 1926ஆம் ஆண்டுச் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 44-அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, தேவதாசிகளின் இனாம்களை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவிக்க அது வகை செய்தது. இதன்படி அப்பெண் நிலத்தை இழக்கமாட்டாள். ஆனால் அதற்காகக் கோயிற்பணி செய்யவோ தன் மகளைப் பொட்டுக்கட்டவோ கடமைப்பட்டவளும் அல்லள். 1928இல் கொணரப்பட்ட இம்மசோதா 1929இல் நிறைவேறி, அவ்வாண்டின் 5ஆம் சட்டமாயிற்று.

இரட்டையாட்சியின் துறைப் பகுப்போடு ஒப்பிட்டால் இவ்வழியின் பொருத்தம் தெளிவாகும். குற்றவியல் தடை என்றால் மைய அரசின் எல்லைக்குள் செல்ல வேண்டும். அறநிலையமோ மாகாண அமைச்சரின் துறை. மேலும், இச்சட்டம் எவரையும் சிறைக்கு அனுப்பவில்லை. எவருடைய சொத்தையும் பறிக்கவில்லை. சமயத்தில் அரசு தலையிடுகின்றது என்னும் வாதத்தை அது பெருமளவு வலுவிழக்கச் செய்தது. ஒழுக்கத்தைப் பற்றிய சொற்போராக மட்டும் முடிந்திருக்கக்கூடிய ஒரு சிக்கலை நிலவுரிமைச் சிக்கலாக மாற்றியமையே இச்சட்டத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சுயராஜ்யக் கட்சியின் சத்தியமூர்த்தி, கோயில் மரபிலும் கலை மரபிலும் சட்டம் தலையிடுவதை எதிர்த்தார். அவருக்கு அளிக்கப்பட்ட மறுமொழி என ஒரு கதை மேடைகளில் இன்றும் சொல்லப்படுகின்றது. அக்கதை ஒரு வடிவில் முத்துலட்சுமி அம்மையாரின் கூற்றாகவும், மற்றொரு வடிவில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் கூற்றாகவும், வேறொரு வடிவில் பெரியாரின் யோசனையாகவும் வழங்குகின்றது. கேட்போர் கைதட்டும் அக்கூர்மையான விடை, மூன்றாண்டு காலப் பொறுமையான உழைப்பை மறைத்துவிடுகின்றது என்பதே நம் கவலை. சட்டம் நிறைவேறியது ஒரு வாக்கியத்தால் அன்று. கருத்துக் கேட்பு, கூட்டங்கள், பத்திரிகைக் கட்டுரைகள், உறுப்பினர்களிடம் தனித்தனியே பேசுதல் ஆகியவற்றால்தான் நிறைவேறியது. மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ இதழ், சுயமரியாதை இயக்கம், காந்தியடிகளின் எழுத்துகள், இசை வேளாளர், செங்குந்தர் அமைப்புகள் என ஒன்றோடொன்று உடன்படாத பல தரப்பினரின் ஆதரவை அவர் ஒரே மசோதாவுக்காகத் திரட்டினார்.

ஏனைய சட்டமன்றப் பணிகள்

1928இல் ஆண்களின் திருமண வயதை 21ஆகவும் பெண்களின் திருமண வயதை 16ஆகவும் உயர்த்தப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அம்மையார் கொணர்ந்தார். மறு ஆண்டு மையச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாரதா சட்டம் முறையே 18, 14 என்ற அளவிலேயே நின்றது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவ வசதி, பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனை, ஏழைச் சிறுமியருக்குக் கல்விக் கட்டணச் சலுகை ஆகியவற்றிற்காகவும் அவர் குரல் கொடுத்தார். பரத்தைமை இல்லங்களை ஒடுக்கும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் துணைநின்றார்.

சைமன் குழுவின் துணையமைப்பாகிய ஹார்டாக் கல்விக் குழுவில் அவர் இடம்பெற்றமை தனியே குறிப்பிடத்தக்கது. அக்குழுவின் ஒரே பெண் உறுப்பினர் அவரே. காங்கிரஸ் சைமன் குழுவைப் புறக்கணித்திருந்த காலம் அது. ஆகவே அவர் அதில் பங்கேற்றது குறைகூறலுக்கு உள்ளாகக்கூடிய முடிவே. 1929இல் வெளிவந்த அவ்வறிக்கை, தொடக்கக் கல்வியில் பிள்ளைகள் இடையில் நின்றுவிடுவதையும் ஒரே வகுப்பில் தேங்குவதையும் சுட்டிக்காட்டி, பெண்கல்விக்கு முன்னுரிமை அளிக்கவேண்டும் என வலியுறுத்தியது. கிடைத்த மேடையைப் பெண்களின் நலனுக்குப் பயன்படுத்துவது என்னும் கொள்கையே அவரை வழிநடத்தியது என்று கொள்ள இடமுண்டு.

அக்கொள்கைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1930ஆம் ஆண்டு தொடக்கத்தில், பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் இரண்டாவது மசோதாவை அம்மையார் அவையில் வைத்தார். 1929ஆம் ஆண்டுச் சட்டம் இனாம் உடைய குடும்பங்களை மட்டுமே விடுவித்தது. மானியம் இல்லாத குடும்பங்களில் வழக்கம் தொடர்ந்தது. அக்குறையை நிரப்பவே இம்மசோதா. ஆனால் மே 5ஆம் நாள் காந்தியடிகள் கைதானார். அதனைக் கண்டித்து அம்மையார் சில நாள்களிலேயே தம் பதவியைத் துறந்தார். தாம் மூன்றாண்டுகளாகப் பாடுபட்ட நோக்கத்தின் இறுதிப் படியை, அது கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது விட்டு நீங்கினார். தடைச்சட்டம் வருவதற்கு அதன்பின் 17 ஆண்டுகள் சென்றன. அப்பதினேழு ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியரை எண்ணினால் அம்முடிவின் விலை பெரிது. நியமன உறுப்பினராகிய தாம் அன்றைய அரசின் அவையில் தொடர்ந்து அமர்ந்திருப்பது பொருளற்றது என அவர் கருதியதையும் நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. இரண்டுமே உண்மை என ஏற்பதே வரலாற்று மாணவருக்கு அழகு.

கேட்கப்பட்ட குரலும் கேட்கப்படாத குரலும்

இச்சட்டங்கள் யாரைப் பற்றியனவோ அவர்கள் யாது கூறினர்? சென்னைத் தேவதாசிகள் 1927–28ஆம் ஆண்டுகளில் சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற புகழ்பெற்ற கலைஞர்கள் இவ்வெதிர்ப்பில் முன்னின்றனர். தங்கள் வாழ்முறையைப் பரத்தைமையோடு ஒன்றாக்குவது தவறு. தங்களுக்கெனச் சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் கலைப் பயிற்சியும் உள்ளன. குறைகள் இருப்பின் அவற்றைக் கல்வியால் களையலாம் என்பன அவர்தம் வாதங்கள். அன்றைய இந்துச் சட்டத்தில் மணமான பெண்ணுக்கு இல்லாத சில உரிமைகள் அவர்களுக்கு இருந்தன என்பதை மறுக்க இயலாது.

மறுபுறம், அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று பொட்டறுப்புப் பரப்புரை செய்தார். 1936இல் வெளிவந்த அவருடைய ‘தாசிகள் மோசவலை’ நாவல் அவ்வாழ்க்கையின் உட்பக்கத்தைக் காட்ட எழுதப்பட்டது. ஆகவே, ‘தேவதாசிகளின் குரல்’ என ஒற்றைக் குரலாகப் பேசுவதற்கு இடமில்லை. புகழும் சொத்தும் பெற்றிருந்த நகரக் கலைஞரின் நிலை வேறு. வறிய சிற்றூர்க் கோயிலில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியின் நிலை வேறு. முதலாமவர் விண்ணப்பம் எழுதும் ஆற்றலுடையவர். அச்சிறுமிக்கு அந்த வாய்ப்பில்லை. முத்துலட்சுமி அம்மையார் பேசியது அச்சிறுமிக்காக. அதில் அவர் உறுதியாக நின்றார். முதிர்ந்த பெண்களின் விண்ணப்பத்தில் இருந்த நியாயத்திற்கு அவர் போதிய இடம் தரவில்லை என்பதும் உண்மையே.

அமிர்த் சீனிவாசன் 1985இலும், சு. ஆனந்தி 1991இலும் வெளியிட்ட கட்டுரைகளும், தவேஷ் சொனேஜியின் 2012ஆம் ஆண்டு நூலும் இவ்வினாவை ஆழமாக விவாதித்துள்ளன. சீர்திருத்தத்தின் பயன் அச்சமூகத்து ஆண்களுக்கே மிகுதியாகச் சென்றது என்றும், கலை புதிய மேடைகளில் புத்துயிர் பெற்றபோது அக்கலைக்கு உரிய பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டனர் என்றும் இவ்வகை ஆய்வுகள் சுட்டுகின்றன. 1932இல் நாட்டியத்தைப் பற்றி அம்மையாருக்கும் இ. கிருஷ்ண ஐயருக்கும் பத்திரிகைகளில் நடந்த விவாதமும், 1935இல் ருக்மிணி தேவியின் அரங்கேற்றமும் இவ்வரலாற்றின் அடுத்த கட்டங்கள். நம் நாட்டில் பரதநாட்டியம் பயிலும் மாணவியருக்கு அக்கலையின் இவ்வரலாறு கற்பிக்கப்படுவது அரிது. தமிழாசிரியர் இதனை வகுப்பில் கூறத் தயங்கவேண்டியதில்லை.

1947: சட்டத்தின் நிறைவும் அதன் எல்லையும்

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது 1947ஆம் ஆண்டின் 31ஆம் சட்டமாகத் தேவதாசித் தடைச்சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் சட்டத்திற்குப் புறம்பானதாயிற்று. பொட்டுக்கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என அறிவிக்கப்பட்டது. இவற்றோடு, கோயில் வளாகத்திலும் தெய்வ ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதும் தடைசெய்யப்பட்டது. சிறுமியின் உரிமையைக் காக்கும் விதியும், முதிர்ந்த கலைஞரின் தொழிலை முடிக்கும் விதியும் ஒரே சட்டத்தில் அருகருகே அமைந்தன. 1929ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைப் பெண்ணின் கையில் விட்டு அவளை விடுவித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது, ஆனால் மாற்றுவாழ்வுக்கு ஏற்பாடு எதனையும் தன்னுள் கொண்டிருக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் முன்னையதே சட்ட ஆக்கத்தில் மேம்பட்டது என்பது நம் கருத்து.

மாற்றுவாழ்வைப் பற்றி அம்மையார் சிந்திக்காமல் இல்லை. 1930இல் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் அதற்குச் சான்று. விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டுத் தம் வீட்டு வாயிலுக்கு வந்த இளம்பெண்களைச் சேர்த்துக்கொண்டதிலிருந்து அது வளர்ந்தது. 1936இல் அடையாற்றுக்கு மாறியது. சட்டத்தால் ஆகாததைத் தனி நிறுவனத்தால் செய்ய முனைந்தார். ஆனால் மாகாணம் முழுவதற்குமான ஒரு கடமையைத் தனியொருவர் இல்லம் தாங்க இயலாது.

பிற்காலப் பணிகள்

பதவி துறந்த பின்னும் அவரது பொதுவாழ்வு தொடர்ந்தது. தம் அவைப் பணியை விளக்கி, சட்டமன்ற உறுப்பினராகத் தாம் பெற்ற அனுபவம் என்னும் பொருளமைந்த ஆங்கில நூலை 1930இல் வெளியிட்டார். 1933இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர், ஷரீபா ஹமீத் அலி ஆகியோருடன் இலண்டன் சென்று, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின்முன் பெண்கள் வாக்குரிமை குறித்துச் சாட்சியமளித்தார். பெண்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டா, வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்பதே மாதர் அமைப்புகளின் நிலைப்பாடு. தாமே நியமனத்தால் அவை புகுந்தவராயினும், நியமனமும் ஒதுக்கீடும் நிலையான தீர்வாகா என அவர் கருதினார்.

1923இல் தம் தங்கையைப் புற்றுநோயால் இழந்த துயரம் மற்றொரு பெரும்பணிக்கு வித்தாயிற்று. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியில், 1952இல் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1956இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

முடிவுரை

ஒரு சட்டமன்ற உறுப்பினரை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? பேச்சாற்றலையும் பதவியையும் கொண்டு மதிப்பிடுவதே நம்மிடையே வழக்கம். முத்துலட்சுமி அம்மையாரின் மூன்றரை ஆண்டுகள் வேறோர் அளவுகோலைத் தருகின்றன. தீமை ஒன்றைக் கண்டிப்பது எளிது. அத்தீமை எந்தக் கட்டில் நிலைத்திருக்கின்றது எனக் கண்டறிந்து அக்கட்டைச் சட்டப்பிரிவால் அவிழ்ப்பது அரிது. 44-அ என்னும் பிரிவு அத்தகைய அரிய செயல். அதனை அவர் பெரும்பான்மைக் கட்சியின் துணையின்றி, நியமன உறுப்பினராக இருந்தே சாதித்தார்.

அவரைத் தெய்வநிலைக்கு உயர்த்துவதும், இன்றைய கோட்பாடுகளைக் கொண்டு அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் ஒருசார்பான செயல்களே. நம் மாணவர்களிடம் அவரை அறிமுகப்படுத்தும்போது, ‘முதல் பெண்’ என்னும் வரியோடு நிறுத்தாமல், அந்த 1929ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதனை எதிர்த்து அப்பெண்கள் எழுதிய விண்ணப்பத்தையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்யலாம். பொட்டுக்கட்டப்படவிருந்த சிறுமிக்கும், மேடையை இழக்கவிருந்த கலைஞருக்கும் ஒருசேர நீதி வழங்கும் ஒரு சட்டத்தை எவ்வாறு எழுதியிருக்கலாம் என அவர்களையே சிந்திக்கவிடலாம். அவ்வினாவிற்கு எளிய விடை கிடையாது. அதனை எழுப்பும் அளவிற்கு ஆழமான ஒரு சட்டமன்ற வாழ்வை அம்மையார் நமக்கு விட்டுச் சென்றுள்ளார்.